அப்பா பெயரில் நீ எழுதிய மின்னஞ்சல்கள்

மெர்சி,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. ஜெர்மனிக்கு எத்தனை பாட்டில் ஊறுகாய் கொண்டுபோகலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னோடு மல்லுக்கட்டினாயே, அதிலேயே உன் தெம்பு தெரிந்துவிட்டது. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் மாப்பிள்ளை போனை வாங்கினார். அவருக்கு வேலை கிடைத்திருக்கும் ஊரிலேயே, இயந்திரங்களைக் கணினி மூலம் இயக்குவது பற்றி ஒரு மேற்படிப்பு இருக்கிறதாம். உன் இன்ஜினியரிங் பட்டத்துக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டாம். இந்தத் துறையில் இதுவரை நீ என்ன செய்திருக்கிறாய் என்று மட்டும் கேட்கிறார்களாம், நீ எழுத மாட்டேன் என்கிறாயாம். "நீங்களாச்சும் சொல்லுங்க அத்தை" என்றார். பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "எனக்கு என்னங்க தெரியும்? மெஷினெல்லாம் எங்கப்பாவோட பொழுதுபோக்கு. நான் பேங்க்ல டிராஃப்ட் போடுறவ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு என்ன தெரியும் என்பதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அனுப்பும் கையோடு நம் சபையின் மாதப் பத்திரிகைக்கும் இதில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். அதை நடத்துகிறவர் என்னிடம் தமிழ் படித்தவர், ஒற்றுப்பிழை பார்க்க இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார், போடாமல் எங்கே போய்விடுவார்? "வீட்டு விஷயத்த எதுக்கும்மா ஊரறியப் போடுற?" என்று நீ கோபப்படுவாய். நன்றாகப் படு. நடந்தது ஊரறிய நடந்தது. வீட்டுக்குள் மட்டும் சொன்னால் அது வீட்டோடு போய்விடும், இத்தனை வருஷமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்வேன். டீச்சர் வீட்டில் பிறந்தவளுக்கு அது ஒன்றும் புதிதல்ல, பொறுத்துக்கொள்.

நீ பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அப்பா அந்த மெஷினைச் செய்ய ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு, ஆராதனை முடிந்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், செத்துப்போன பிரிண்டர்களைத் தூக்கிக்கொண்டு வருவார். அவற்றின் வயிற்றிலிருந்து குட்டி மோட்டார்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் அடுப்படியில் அடுக்குவார். அந்த மோட்டார்கள், நிமிர்த்திக் கட்டிய ஒரு மெல்லிய கம்பியை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தும். கம்பியில் கரண்ட் பாய்ந்து சூடாகும். சூட்டுக் கம்பி போகிற வழியெல்லாம் தெர்மோகோல் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டு வரும். கல்யாண மேடையில் மாட்டும் மணமக்கள் பெயர், ஆண்டுவிழாவுக்கு 'வருக', கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம், எதைக் கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். "தொழிலாக்கிட்டா அப்பறம் அது வேலையாயிரும்டி" என்பார். எழுத்துகள் மட்டும் என் பங்கு. வரைபடத் தாளில் நான் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து புள்ளிகளைப் படிக்கப் படிக்க, அவர் ஒற்றை விரலால் தட்டிக் கணினியில் ஏற்றினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது அந்த வரைபடத் தாளுக்கு மேல்தான்.

மெஷினை ஓட்டியது, மூடப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வாங்கிவந்த கிழட்டுக் கணினி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ்கூடக் கிடையாது. டாஸ் என்பீர்கள். அதற்கான புரோகிராமைப் புத்தகம் பார்த்துப் பார்த்து அப்பாவே எழுதினார், அதில் ஒரு வரியில்கூட உன் கை இல்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவருடையது எது, உன்னுடையது எது என்று பிரித்துச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்தக் கணினிக்குள் ஒரு பல்லி புகுந்து, தானும் செத்து அதையும் கருக்கிவிட்டுப் போனது. வீட்டில் இருந்த இன்னொரு கணினி உன் படிப்புக்காக வாங்கிய புதிது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா தன் பிளாப்பியைச் செருகி, ஜெபம் பண்ணிவிட்டு, புரோகிராமை ஓட்டினார். ஒரு மோட்டாரும் அசையவில்லை.

"இன்னொரு டாஸ் கம்ப்யூட்டர் சந்தையில பழசாக் கிடைக்கும். பாத்துக்கலாம்" என்றார் அப்பா. நீ அப்போது தலையைப் பின்னிக்கொண்டிருந்தாய், பின்னலை அப்படியே பாதியில் விட்டாய். "எத்தன பழச வாங்குவீங்கப்பா? ஒவ்வொண்ணாச் செத்துக்கிட்டேதான இருக்கும்? புரோகிராமை இடம் மாத்திருவோம்." அவ்வளவு சுலபமாகச் சொன்னாய், ஏதோ பீரோவை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தள்ளுவது மாதிரி. அதற்குப் பிறகு உன் சாயங்காலங்கள் அம்புட்டும் அதற்கே போயின.

பிரிண்டர் மாட்டும் துளை வழியாகத்தான் அப்பாவின் புரோகிராம் மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பியது. டாஸ் அதைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்பியோ, என்னைக் கேட்காமல் அங்கே யாரும் கை வைக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. நீ எங்கிருந்தோ ஒரு சின்ன மென்பொருளைப் பிடித்து வந்து கதவைத் திறந்தாய். மோட்டார் ஓடியது, அப்பா கைதட்டினார். பள்ளி ஆண்டுவிழாவுக்காக 'வருக' வெட்டினீர்கள். 'ரு' வரவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை வந்தது. திரும்ப வெட்டினீர்கள், இந்த முறை ஓட்டை 'க'வில். கம்பி போய்க்கொண்டே இருந்தால் வெட்டும், ஒரு நொடி நின்றால் சுற்றிலும் உருக்கிவிடும். நான் புரியாமல் நிற்பதைப் பார்த்து நீ சொன்னாய்: "டாஸுக்கு ஒரே வேலைதான்மா, வேற நெனப்பே கெடையாது. விண்டோஸ் பத்து வேலைய ஒண்ணாப் பாக்குது. மோட்டாருக்குச் சொல்ல வேண்டியத கொஞ்சம் கழிச்சுச் சொல்லுது. கம்பிக்குக் காத்திருக்கத் தெரியாதுல்ல?" அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தப் போகிறவள் நான், எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்த லினக்ஸை நீ அந்தக் கணினியில் ஏற்றியது அதற்கப்புறம். சும்மா ஏற்றினால் போதாது, மோட்டாருக்குப் போகும் கட்டளை நேரம் தவறாமல் போவதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றாய். வெளிநாடுகளில் இப்படி வீட்டில் மெஷின் கட்டி விளையாடுகிறவர்கள் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் சொல்லித் தருவார்கள் என்றாய். வீட்டில் அப்போது இன்டர்நெட் கிடையாது. காளவாசல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். மரத்தடுப்பு போட்ட அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. உன்னைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டச் சொல்லிவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தாள் திருத்தினேன். மின்னஞ்சல் முகவரி தொடங்கும்போது என்ன பெயர் போட என்று கடைக்காரத் தம்பி கேட்டார். நீ வாயைத் திறக்குமுன் நான்தான் சொன்னேன்: "அவங்க அப்பா பேரப் போடுங்க தம்பி. ஞானதுரை."

"எழுதுறது நான்தானம்மா?" என்றாய். "பொம்பளப் பிள்ள பேர எதுக்கு ஊரு ஒலகத்துக்கெல்லாம் குடுக்கணும்? எவன் எப்பிடின்னு கண்டோமா?" என்றேன். இன்றைக்கும் அந்தப் பயம் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்கூலில் எத்தனையோ பிள்ளைகளின் அழுகையைப் பார்த்தவள் நான், பேப்பர் படிக்காதவளும் அல்ல. பயந்தது சரி. ஆனால் பயம் போன பிறகும் அந்தப் பெயரை அப்படியே விட்டுவைத்தேன். அதுதான் உன்னை வந்து அடித்தது.

உலகத்துக்கு நீ ஞானதுரை ஆகிப்போனாய். அன்புள்ள திரு ஞானதுரை என்று பதில்கள் வந்தன. கனடாவில் யாரோ ஒருவர், இதே மாதிரி சூட்டுக் கம்பியால் விளையாட்டு விமானங்களுக்கு இறக்கை வெட்டுகிறவர், பக்கம் பக்கமாக எழுதுவார். விமானக்காரர் என்றே நாம் அவருக்குப் பெயர் வைத்துவிட்டோம். உங்கள் ஊரில் வெயில் எப்படி, ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் என்றெல்லாம் உன்னைக் கேட்பார். நீ வீட்டுக்கு வந்து, "அப்பா, உங்க மூட்டுவலி எப்பிடி இருக்குன்னு கனடாவுல கேக்குறாங்க" என்பாய். அப்பாவுக்கு ஏதுடி மூட்டுவலி என்று நான் கேட்டால், வயசானவர் மாதிரி எழுத வேண்டாமா, அதற்காகச் சேர்த்தேன் என்பாய். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்போது அது நமக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

லினக்ஸில் மெஷின் ஓடிய அன்றைக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டார். விக்கல் இல்லாமல் ஒரே சீராக இருந்தது. "டாஸ் மாதிரியே பாடுதுடி" என்றார். உனக்கு அது போதவில்லை. இங்கிலீஷ் எழுத்துகள் சுத்தமாக வந்தன, நம் எழுத்துகளின் சுழிகள் மட்டும் தடித்துப்போயின. 'ஞ' எழுதினால் உள்சுழி அடைத்துக்கொண்டது. டாஸிலும் அப்படித்தான் இருந்தது, அப்பா பிளேடால் சீவிச் சரிசெய்வார், நாங்கள் அதை ஒரு குறையாகவே எண்ணியதில்லை. நீதான் விடவில்லை. சுழியில் திரும்பும்போது கம்பி மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது, மெதுவாகப் போனால் அதிகம் உருக்குகிறது, அப்படியானால் வேகம் குறையும்போது சூடும் தானாகவே குறையட்டும் என்றாய். கேட்கும்போது சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. வேகத்தைப் பார்த்துச் சூட்டை ஏற்றி இறக்கும்படி நீ புரோகிராமையும் மாற்றி, அதற்கென்று ஒரு சின்ன சர்க்யூட்டும் கட்டி முடிக்க ஒரு செமஸ்டர் விடுமுறை முழுவதும் போனது. விரலெல்லாம் சூட்டுக்காயம். கடைசியில் 'ஞ' வந்தது, நான் தாளில் வரைந்த மாதிரியே. அதைக் குழுவில் போட்டாய். விமானக்காரர் தன் இறக்கைகளின் நுனி இப்போதுதான் சுத்தமாக வருகிறது என்று படம் எடுத்து அனுப்பினார், யார் யாரோ பாராட்டினார்கள். எல்லாம் திரு ஞானதுரைக்கு.

நம் சபையிலும் அதேதான். புது வருஷத்துக்கான வசனத்தைப் பலிபீடத்துக்குப் பின்னால் மாட்ட அந்த வருஷம் நீ வெட்டிக் கொடுத்த எழுத்துகளைப் பார்த்து எல்லாரும் அசந்துபோனார்கள். அறிவிப்பு நேரத்தில் செயலர் வாசித்தார்: "வசன எழுத்துகளைச் செய்து அளித்தவர்கள், திரு ஞானதுரை குடும்பத்தார்." யார் பூ வாங்கிக் கொடுத்தாலும், யார் பாய் விரித்தாலும் நம் சபையில் அப்படித்தான் வாசிப்பார்கள், குடும்பத்தலைவர் பெயரும் அதன் வாலில் குடும்பத்தாரும். இதைப் படிக்கும் சபையார் யாரும் மனம் கோண வேண்டாம், நானும் உங்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அப்பா எல்லாரிடமும், "நான் இல்லங்க, பாப்பாதான் செஞ்சா" என்று சொல்லிப் பார்த்தார். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பாராட்டினார்கள். பெருமை பேசுகிற பிள்ளையாக நீ வளர்ந்துவிடக் கூடாது என்பது எனக்கு அப்போது பெரிய கவலை. ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் சென்னையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்கிற கம்பெனி. நீ அம்புட்டு ஆசையாய்ப் புறப்பட்டது உன் கல்யாணத்துக்குக்கூட இல்லை, மாப்பிள்ளை மன்னிக்க வேண்டும். நான்தான் துணைக்கு வந்தேன். நீ உள்ளே போயிருந்தபோது வாசல் காவலாளியிடம் உன் புராணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்தாய், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, "சாப்பிடலாம்மா" என்றாய். மறுநாள் பகல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். கொட்டாம்பட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கி நின்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறவைத்துக்கொண்டே சொன்னாய்.

கேள்வி கேட்டவரும் அதே மின்னஞ்சல் குழுவில் இருப்பவராம். உன் ஊரையும் அப்பா பெயரையும் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாராம். "ஞானதுரை சார் பொண்ணா நீங்க? சாரோட மெயில் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். வேகம் குறைஞ்சா சூட்டையும் குறைக்கிறாரே, என்ன மூளைங்க அவருக்கு! நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க" என்றாராம். பிறகு உட்கார்ந்து, "சரி, நீங்க சொந்தமா என்ன பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாராம். "அப்பாவுக்கு ஒத்தாசையா இருந்தேன் சார்" என்று நீ சொன்னாயாம்.

"ஏன்டி, நான்தான்னு சொல்ல வேண்டியதுதான?" என்றேன். டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சொன்னா என்னம்மா நெனைப்பாரு? ஒண்ணு, நான் பொய் சொல்றேன்னு. இல்லன்னா, பொண்ணு செஞ்சத அப்பா தன் பேர்ல போட்டுக்கிட்டார்னு. அப்பாவ அப்பிடி ஒருத்தர் நெனைக்கிற மாதிரி நான் எப்பிடிம்மா பேசுறது?" கண்டக்டர் விசிலடித்தார். உன் கிளாஸை வாங்கிக் கடையில் கொடுத்தேன். உன் தோளைத் தட்டிச் சொன்னேன், "விடு பாப்பா. அப்பா பேர்தான, வேத்தாள் பேரா?"

மெர்சி, என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் திரும்ப எடுத்து விழுங்க முடிந்தால் அதைத்தான் விழுங்குவேன். உன்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னேன். ஆனால் நீ அதை அப்படியே நம்பிவிட்டாய். நம்பியவளாய், மேலூர் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனாய். அடுத்த பஸ்ஸைப் பிடித்து உன்னைத் திரும்பச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்த மனிதர் முன்னால் நான் நின்று, இவள்தான் எழுதினாள், பெயரை மாற்றிப் போடச் சொன்னது நான், இவள் அப்பா அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு டீச்சர் சொன்னால் நம்பியிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் ஸ்கூலுக்கு லீவு சொல்லவில்லையே என்பதுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அங்க எல்லாரும் உங்களத்தான் விசாரிச்சாங்க. நீங்க அவ்வளவு பெரிய ஆளாம்" என்றாய். சொல்லிவிட்டு அழகாகச் சிரித்தாய். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவா பாப்பா? என்னையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை என்று தெரிந்தபோது, "அவுங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார். நீ பேங்க் பரீட்சைக்கு எழுதிப் போட்டாய், முதல் தடவையிலேயே தேறினாய். நல்ல உத்தியோகம், கௌரவம், நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நாளிலிருந்து நீ மெஷின் இருக்கும் அறைக்குள் போகவே இல்லை. லீவில் வந்தால்கூட அந்தக் கதவைத் தாண்டித்தான் மொட்டைமாடிக்குப் போவாய், உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாய். அப்பா, "பாப்பாவுக்கு வேல ஜாஸ்தி" என்பார். எனக்குத் தெரியும், நான் பேசாமல் இருந்தேன். பேசினால் அவர் சந்தோஷம் போய்விடுமே என்று இருந்தேன். உன் சந்தோஷத்தை வைத்து அவருடையதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், நீயும் நானும் சேர்ந்து.

போன ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குப் பிறகுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டாம்பட்டி வரைக்கும் ஒன்று விடாமல். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகு வெளிச்சம் கூசுகிறது, ஆகவே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "அன்னைக்கு நான் தெருவெல்லாம் போய்ச் சொன்னேனேடி" என்றார். கொஞ்சம் கழித்து, "எம்பிள்ள வேலைய விட்டுட்டு வந்து எனக்குச் சந்தோஷத்தக் குடுத்துருக்கா. நானும் வாங்கிக்கிட்டேன் பாரு" என்றார். அவர் அழுததை நான் அவருடைய அம்மா இறந்தபோது பார்த்தேன், அதற்குப் பிறகு இப்போதுதான். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாமல் இருந்து இருந்துதான் இப்படி ஆனது, ஆகவே சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அவராகவே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். இப்போதுதான் வீட்டிலேயே இன்டர்நெட் இருக்கிறதே. பழைய முகவரியைத் திறந்து, அந்தக் குழுவுக்கு ஒற்றை விரலால் தட்டி இங்கிலீஷில் எழுதினார். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், இருந்தாலும் நான்தான் பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டினேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "ஞானதுரை என்ற பெயரில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தது நான் இல்லை. என் மகள் மெர்சி. மெஷினைச் செய்தது நான், டாஸில் ஓட்டியது நான். அதை லினக்ஸுக்கு மாற்றியவள் அவள். வேகத்தோடு சூட்டைச் சேர்த்தவளும் அவளே. இதை அப்போதே சொல்லாமல் போனோம். எனக்கு மூட்டுவலியும் கிடையாது." கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். "இருக்கட்டும், கேட்ட மனுசனுக்கு உண்மையச் சொல்லணும்ல" என்றார்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அந்தக் குழுவில் பழைய ஆட்கள் இருக்கிறார்களோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டோம். உன்னை நேர்முகத் தேர்வு செய்த சென்னைக்காரரிடமிருந்து இதுவரை ஒரு வரியும் இல்லை, அவர் எங்கே இருக்கிறாரோ. அந்த வேலை திரும்ப வராது, நீ அந்த அறைக்குள் நுழையாமல் கழித்த வருஷங்களும் வராது. நாங்கள் எத்தனை அஞ்சல் எழுதினாலும் அதை மாற்ற முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நேற்று விமானக்காரர் பதில் எழுதியிருந்தார். அவருடைய கொட்டகையில் இன்றைக்கும் உன் புரோகிராம்தான் ஓடுகிறதாம். இத்தனை காலமும் ஆள் மாற்றி நன்றி சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட்டிருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: மெர்சி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?

அப்பா உடனே விரலை நீட்டிக்கொண்டு பதில் அடிக்கத் தொடங்கினார். உன் பெயரை அடித்துவிட்டு நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னன்னு போட?" என்றார். நான் ஏதாவது சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் உனக்காகப் பதில் சொல்வது எப்போதும் நான்தானே? ஆனால் இந்த முறை அவர் கையைப் பிடித்து விலக்கினேன். "வேண்டாங்க. நாம எழுத வேண்டாம். அவ எழுதட்டும்" என்றேன்.

உன் பெயரில் ஒரு முகவரி தொடங்கி, அந்தக் கேள்விக்கு நீயே பதில் எழுது. பேங்க்கில் இருக்கிறேன், இதோடு சரி என்று எழுதினாலும் எழுது, உன் இஷ்டம், நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். ஜெர்மனிக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள், அவர்களுக்கும் எழுதுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். அப்பா அந்த அஞ்சலை இன்னும் மூடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "இந்தா வாரேன்" என்கிறார், திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா